எட்டு நாளுக்கு ஒரு சேப்பல் கட்டிய வேல்ஸ்... இன்று பூட்டிக்கிடக்கும் கதவுகளுக்குப் பின்னால் என்ன கதை?

வேல்ஸின் வடக்கே பிளைனை ஃபெஸ்டினியோக் என்று ஓர் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மலையாக ஸ்லேட் கல் கழிவு. அதை ஒட்டியுள்ள டானகிரிஷ்யா கிராமத்திலிருந்து பழைய குவாரிப் பாதை ஒன்று மேலே ஏறுகிறது. மூச்சு வாங்க ஏறி முடித்தால் கூமோர்தின் பள்ளத்தாக்கு. நடுவில் ஏரி. கரையோரம் கூரை போன தொழிலாளர் வீடுகள். ஏரியைத் தாண்டி நடந்தால், ஒரு கல் கட்டடம் தனியாக நிற்கிறது.

கதவு இல்லை. கூரை இல்லை. ஜன்னல் இருந்த இடங்களில் வானம் தெரிகிறது. தரையெல்லாம் புல்.

இதன் பெயர் 'கபெல் அ கோர்லான்'. 1860-களில் குவாரித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட மெத்தடிஸ்ட் சேப்பல். இன்று மலையேறுபவர்களும், கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடிப்போய்ப் படமெடுக்கும் 'அர்பெக்ஸ்' ஆட்களும் நின்று பார்த்துவிட்டுப் போகும் இடம்.

இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். வேல்ஸில் ஒரு நாள் காரில் சுற்றினாலே போதும். தெருமுனையில், மலைச்சரிவில், வயலுக்கு நடுவில் என்று பூட்டிய சேப்பல்கள் வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சின்ன நாட்டில் எதற்கு இத்தனை சேப்பல்? யார் கட்டினார்கள்? அப்புறம் ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்?

சர்ச் வேற, சேப்பல் வேற

முதலில் இந்த வித்தியாசம் புரிய வேண்டும். வேல்ஸில் 'சர்ச்' என்றால் 1920 வரை இங்கிலாந்து திருச்சபை. அரசு அங்கீகாரம் பெற்றது. நிலச்சுவான்தார்களும் அதிகாரிகளும் போவது. 'சேப்பல்' என்றால் அந்தத் திருச்சபைக்குக் கட்டுப்பட மறுத்தவர்களின் கூடம். பாப்டிஸ்ட், இன்டிபென்டன்ட், வெஸ்லியன், கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்ட் என்று பல பிரிவினர். இவர்களுக்குப் பொதுப்பெயர் 'நான்கன்ஃபார்மிஸ்ட்'. அதாவது ஒத்துப்போகாதவர்கள்.

ஆரம்பத்தில் இவர்கள் வீடுகளிலும் தானியக் கொட்டகைகளிலும்தான் கூடினார்கள். சட்டம் அனுமதித்தது 1689-க்குப் பிறகு. 18-ஆம் நூற்றாண்டில் ஹவல் ஹாரிஸ், டேனியல் ரோலண்ட் போன்ற பிரசங்கிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசியதில் கூட்டம் பெருகியது. 1811-ல் கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்டுகள் இங்கிலாந்து திருச்சபையிலிருந்து முறைப்படி பிரிந்தார்கள். அதன் பிறகு நடந்தது ஒரு கட்டட வெள்ளம்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வேல்ஸில் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு சேப்பல் கட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 1851 மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டிஷ் அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அன்றைக்கு யார் எங்கே வழிபடப் போனார்கள் என்பதுதான் கேள்வி. வேல்ஸில் வழிபாட்டுக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் சேப்பலுக்குத்தான் போயிருந்தார்கள். நாட்டின் 'அதிகாரபூர்வ' திருச்சபை சொந்த மண்ணிலேயே சிறுபான்மை ஆகியிருந்தது.

இதுவரை வேல்ஸில் எழுந்த சேப்பல்களின் மொத்த எண்ணிக்கை 6,000-க்கும் மேல்.

காசு கொடுத்தது யார்?

ராஜா கட்டவில்லை. அரசு கட்டவில்லை. பெரும்பாலும் குவாரித் தொழிலாளியும், சுரங்கத் தொழிலாளியும், குத்தகை விவசாயியும் சேர்ந்து கட்டினார்கள். வாரக்கூலியில் சில பென்னிகள் எடுத்து வைத்தார்கள். தேநீர் விருந்து, பாட்டுப்போட்டி என்று நடத்திப் பணம் திரட்டினார்கள். போதாததற்குக் கடன். அந்தக் கடனை அடைக்கவே சில சபைகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. உட்காரும் பெஞ்சுக்கு வாடகை கட்டும் வழக்கமும் இருந்தது. அதனால்தான் பழைய பெஞ்சுகளின் கதவில் எண் இருக்கும்.

இதில் இன்னொரு கொடுமை. சேப்பலுக்குப் போகிற விவசாயி, தான் போகாத இங்கிலாந்து திருச்சபைக்கும் விளைச்சலின் பேரில் 'டைத்' என்ற வரியைக் கட்ட வேண்டும். 1880-களில் வேல்ஸ் விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். வரிக்குப் பதிலாக ஆடு மாடுகளை ஏலம் விட வந்த அதிகாரிகளோடு மோதல் வெடித்தது. 'டைத் போர்' என்றே அதற்குப் பெயர். கடைசியில் 1914-ல் நிறைவேறிய சட்டம், 1920-ல் அமலுக்கு வந்தபோதுதான் இங்கிலாந்து திருச்சபையின் அரசு அந்தஸ்து வேல்ஸில் முடிவுக்கு வந்தது.

ஆக, ஒரு சேப்பல் என்பது வெறும் ஜெபக்கூடம் இல்லை. 'எங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கு, அதுக்கு நாங்கதான் முதலாளி' என்று கூலித் தொழிலாளிகள் கல்லில் எழுதி வைத்த அறிவிப்பு.

உள்ளே போனால் என்ன இருக்கும்?

திறந்திருக்கும் சேப்பலோ, மூடிக்கிடக்கும் சேப்பலோ, உள்ளே அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் படிக்கத் தெரிந்தால் ஒரு பாழடைந்த கட்டடம்கூடப் பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் முகப்பைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு பலகை இருக்கும். அதில் பெத்தேல், எபெனேசர், சாலேம், சீயோன், ஓரேப், மோரியா என்று ஒரு பைபிள் பெயர். கீழே ஆண்டுகள். கட்டியது ஓர் ஆண்டு, திரும்பக் கட்டியது ஓர் ஆண்டு, விரிவாக்கியது இன்னோர் ஆண்டு. மூன்று தேதிகளும் நாற்பது, ஐம்பது வருஷத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஊருக்குள் எவ்வளவு வேகமாக ஜனம் வந்து குவிந்தது என்று அந்த ஒரு பலகையிலேயே தெரிந்துவிடும். சில இடங்களில் சேப்பல் முதலில் வந்து, ஊர் அப்புறம் வளர்ந்தது. ஊருக்கே சேப்பல் பெயர் நிலைத்துவிட்டது. வடக்கு வேல்ஸின் குவாரி நகரமான பெதெஸ்டா அப்படிப் பெயர் பெற்றதுதான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது பிரசங்க மேடை. நட்ட நடுவில், உயரத்தில். சிலுவை இருக்காது. சிலைகள் இருக்காது. வண்ணச் சித்திரங்களும் பெரும்பாலும் இல்லை. பார்ப்பதற்கு எதுவும் வேண்டாம், கேட்டால் போதும் என்பதே இந்தக் கட்டடக்கலையின் தத்துவம். மூன்று பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்கள் மேல் மாடம். எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கியின் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

மேடைக்கு நேர் எதிரே, மாடத்தின் முகப்பில் பல இடங்களில் கடிகாரம் இருக்கும். கூட்டத்துக்கு முதுகு, பிரசங்கிக்கு முகம். எதற்கு என்று சொல்லவே வேண்டாம்.

மேடைக்குக் கீழே தடுப்பு போட்ட ஓர் இருக்கை வளையம். வெல்ஷில் 'சேட் வவர்'. பெரிய இருக்கை என்று பொருள். சபை மூப்பர்கள் அதில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்காருவார்கள். யார் தூங்குகிறார்கள், யார் வரவில்லை என்று எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. பெஞ்சுகளில் பெண்கள் நிறைந்திருந்தாலும் அந்த வளையம் நெடுங்காலம் ஆண்களுக்கானதாகவே இருந்தது. பாப்டிஸ்ட் சேப்பலாக இருந்தால் தரைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டியும் இருக்கலாம்.

இதெல்லாம் எளிமையாக ஆரம்பித்தவைதான். கொட்டகை மாதிரி இருந்த கட்டடங்கள், நூற்றாண்டு முடிவதற்குள் கிரேக்கக் கோயில் மாதிரியும் கோதிக் கோபுரம் மாதிரியும் மாறின. உச்சம், ஸ்வான்சீ அருகே மோரிஸ்டனில் 1872-ல் திறக்கப்பட்ட 'டபர்னகல்'. செம்பு, தகரத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில், ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் கூடம், வானுயர்ந்த கோபுரம். இன்று உயர்ந்தபட்சமான 'முதல் தர' பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு, பார்லிமென்ட்

சேப்பலின் பின்பக்கம் 'ஃபெஸ்ட்ரி' என்றொரு அறை இருக்கும். பெரும்பாலான அர்பெக்ஸ் படங்களில் இது வராது. ஆனால் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

வேல்ஸில் ஞாயிறு பள்ளி என்றால் குழந்தைகளுக்கு மட்டும் இல்லை. பெரியவர்களும் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படித்தது வெல்ஷ் மொழியில். இது ஏன் முக்கியம்? 1847-ல் வேல்ஸின் கல்வி நிலைமையை ஆராய வந்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. அவர்கள் தந்த அறிக்கை, வெல்ஷ் மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்றது. சேப்பல் பழக்கங்களையும் வெல்ஷ் பெண்களின் ஒழுக்கத்தையும் குறை சொன்னது. அறிக்கையின் அட்டை நீலம் என்பதால், 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று இன்றும் வேல்ஸில் அதைக் கசப்போடு சொல்கிறார்கள்.

நீதிமன்றத்தில் ஆங்கிலம். அலுவலகத்தில் ஆங்கிலம். பள்ளியில் வெல்ஷ் பேசினால் தண்டனை கொடுத்த இடங்களும் உண்டு. அந்தக் காலத்தில் வெல்ஷ் மொழி தலைநிமிர்ந்து நின்ற பொது இடம் சேப்பல்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கு வைப்பது, மேடையேறிப் பேசுவது, எதிர்த்து வாதம் செய்வது என எல்லாம் வெல்ஷில் நடந்தது. சுரங்கத்தில் கரி வெட்டும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் முன்னால் பேசிப் பழகினார். பின்னாளில் தொழிற்சங்கத்துக்கும் அரசியலுக்கும் அதே குரல்தான் போனது. முதல் உலகப்போர் கால பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜை வளர்த்த மாமா ரிச்சர்ட் லாயிட் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சம்பளம் வாங்காத பிரசங்கியும்கூட.

அப்புறம் பாட்டு. 'டானிக் சோல்-ஃபா' என்ற எளிய எழுத்து முறையை வைத்து, இசை படிக்காத தொழிலாளர்கள் நான்கு குரல்களில் சேர்ந்து பாடக் கற்றுக்கொண்டார்கள். பல சேப்பல்கள் ஒன்றுகூடிப் பாடும் 'கமான்வா கனி' விழாக்கள் 1859-க்குப் பிறகு நாடெங்கும் பரவின. வேல்ஸ் ரக்பி மேட்ச்சில் ஸ்டேடியமே சேர்ந்து பாடுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தின் வேர் இந்த பெஞ்சுகளில் இருக்கிறது.

எல்லாம் இனிமையா? இல்லை

சேப்பல் அணைத்துக்கொண்டது உண்மை. நெருக்கியதும் உண்மை. கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான பெண்களைச் சபை முன் நிறுத்தி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிய கதைகள் வேல்ஸ் குடும்பங்களில் இன்றும் உண்டு. குடிக்கு எதிரான சேப்பல்களின் அழுத்தத்தில், 1881-ல் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடும் சட்டம் வேல்ஸுக்கு மட்டும் தனியாக வந்தது. பிறகு 1961 முதல் மாவட்டவாரியாக வாக்கெடுப்பு நடத்தி ஒவ்வோர் இடமாகத் திறந்தார்கள். கடைசி மாவட்டமான டுய்வோர் மாறியது 1996-ல். அவ்வளவு நீண்ட நிழல்!

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. நான்கு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

ஒன்று, தேவைக்கு அதிகமாகக் கட்டிவிட்டார்கள். ஒரே தெருவில் பாப்டிஸ்டுக்கு ஒன்று, மெத்தடிஸ்டுக்கு ஒன்று, இன்டிபென்டன்டுக்கு ஒன்று. சபைக்குள் சண்டை வந்தால் பிரிந்து போனவர்கள் எதிரிலேயே இன்னொன்று. 'அவங்க முகப்பைவிட நம்ம முகப்பு பெருசா இருக்கணும்' என்ற போட்டி வேறு. ரோண்டா நிலக்கரிப் பள்ளத்தாக்கில் மட்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 150 சேப்பல்கள் இருந்தன. 1904-ல் இவான் ராபர்ட்ஸ் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி தொடங்கி வைத்த எழுப்புதல் அலையில் கூட்டம் இன்னும் பெருகியது. அலை வடிந்ததும் இருக்கைகள் காலியாக ஆரம்பித்தன.

இரண்டு, போர். முதல் உலகப்போரின்போது ஜான் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற போதகர் ராணுவச் சீருடையிலேயே பிரசங்க மேடை ஏறினார். ஆள்சேர்ப்புக்கு ஆதரவாகப் பேசினார். திரும்பி வராத பையன்களின் பெயர்கள் அதே சேப்பல் சுவரில் பளிங்குப் பலகையாக ஏறின. திரும்பி வந்தவர்களில் பலருக்குப் பழைய நம்பிக்கை இல்லை.

மூன்று, வேலை போச்சு. தெற்கு வேல்ஸ் சுரங்கங்களின் நிலக்கரி உற்பத்தி 1913-ல் உச்சம் தொட்டது. 1920-களிலும் 30-களிலும் சந்தை சரிந்து, லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி வேல்ஸை விட்டே கிளம்பினார்கள். வடக்கே ஸ்லேட் தொழிலும் அதே பாதையில்தான் போனது. கபெல் அ கோர்லான் இருக்கும் பள்ளத்தாக்குக்கு மேலே ரோசித் என்ற பெரிய குவாரி. தொழிலாளர்கள் திங்கள் ஏறினால் சனிக்கிழமை இறங்கும்வரை மலைமேல் உள்ள கல் கொட்டடிகளிலேயே தங்குவார்கள். 1930-ல் குவாரி மூடப்பட்டது. ஆள் இல்லாத மலையில் சேப்பல் எப்படி நிலைக்கும்?

நான்கு, மொழி. 1901-ல் வேல்ஸில் ஏறக்குறைய பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 சதவீதம். தாத்தாவுக்குப் புரிந்த பிரசங்கம் பேரனுக்குப் புரியவில்லை. அதே கணக்கெடுப்பில் 46.5 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிவு செய்தார்கள். கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 43.6 சதவீதம். வெறும் பத்து வருஷத்துக்கு முன் 57.6 சதவீதமாக இருந்தது.

பாழாவது ஏன் இவ்வளவு சீக்கிரம்?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சேப்பல்காரர்கள் கட்டடத்தைப் புனிதமாக நினைத்ததே இல்லை. கூடுகிற ஜனங்கள்தான் சபை, சுவர் வெறும் சுவர். தொடக்க காலத்தில் பலர் இதை 'டீ கூர்த்' என்றே அழைத்தார்கள். கூடும் வீடு என்று அர்த்தம்.

அதனால் என்ன ஆகிறது? பழைய ஊர்க் கோயிலுக்கு இருக்கும் நிலபுலனோ, பணக்காரப் புரவலரோ பெரும்பாலான சேப்பல்களுக்கு இல்லை. பராமரிப்பது அங்கே வருகிற ஆட்கள் மட்டுமே. 800 பேர் உட்காரும் கூடத்தில் எட்டு முதியவர்கள் மிஞ்சினால், கூரை ஓட்டைக்கு அந்த எட்டுப் பேர்தான் காசு போட வேண்டும். ஒரு குளிர்காலத்துக்கு ஹீட்டர் போடவே முடியாமல் ஃபெஸ்ட்ரிக்கு மாறுவார்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் ஒரு கடைசி ஆராதனை. சாவி திரும்பும்.

மீதியை வேல்ஸ் மழை பார்த்துக்கொள்ளும். கூரையில் ஒரு ஸ்லேட் நழுவினால் தண்ணீர் இறங்கும். ஈரம் பட்ட மரத்தில் பூஞ்சை பிடிக்கும். மாடத்தைத் தாங்கும் உத்தரம் உள்ளுக்குள் மாவாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈயத் தகட்டையும் நல்ல ஸ்லேட்டையும் திருட வருபவர்கள் வேலையை இன்னும் சுலபமாக்கிவிடுவார்கள்.

உள்ளே போகலாமா?

'கைவிடப்பட்டது' என்றால் 'யாருக்கும் சொந்தமில்லாதது' என்று அர்த்தமில்லை. சபையின் தலைமை அமைப்போ, அறக்கட்டளையோ, ஏலத்தில் வாங்கிய தனிநபரோ உரிமையாளராக இருப்பார். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது பொதுவாக சிவில் விவகாரம். ஆனால் பூட்டை உடைத்தாலோ, ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்தாலோ அது கிரிமினல் குற்றமாகிவிடும்.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து தரைதான். மரத்தரையும் மாடமும் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. புறா எச்சத் தூசு, பழைய கட்டுமானங்களில் இருக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் இரண்டும் நுரையீரலுக்கு எமன். கூரையில் வௌவால் குடியிருந்தால் அதைத் தொந்தரவு செய்வதும் பிரிட்டனில் குற்றம். பக்கத்திலேயே கல்லறைகள் இருக்கும். அங்கே படுத்திருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பூ வைக்க வருவதுண்டு.

கபெல் அ கோர்லான் மாதிரித் திறந்தவெளிச் சிதிலங்களைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். பூட்டிய கட்டடம் என்றால் அனுமதி கேட்பதுதான் வழி. கேட்டால் சாவி வைத்திருப்பவர் கதவோடு சேர்த்துக் கதையையும் திறந்துவிடலாம்!

மறுவாழ்வு கிடைத்தவை

எல்லாமே பாழாகவில்லை. போண்டிப்ரித் ஊரின் டபர்னகல் சேப்பல் 1986 முதல் அருங்காட்சியகம். மக்கின்லெத் ஊரின் பழைய வெஸ்லியன் சேப்பல் இப்போது இசை நிகழ்ச்சிக் கூடம். பக்கத்திலேயே கலைக்கூடம். வீடுகளாகவும் கடைகளாகவும் மாறியவை எத்தனையோ.

ஆனால் சேப்பலை வீடாக்குவது நினைப்பதுபோல் எளிதில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு பெரிய வெளி. அறைகள் வேண்டுமென்றால் குறுக்கே தளம் போட வேண்டும். மாடம், பெஞ்ச், சேட் வவர் எல்லாம் வெளியே போகும். முகப்பு மட்டும் அப்படியே நிற்கும். கட்டடம் பிழைத்தது என்று சொல்லலாம். சேப்பல் பிழைத்ததா? வேல்ஸில் நடக்கும் விவாதமே இதைப் பற்றித்தான்.

உள்ளேயும் மாறாமல் காக்க வேண்டிய சிலவற்றை 'அடோலியாடை கம்ரி' என்ற அறக்கட்டளை எடுத்துப் பராமரிக்கிறது. தூண்களோடு நிற்கும் ட்ரெமாடாக் ஊரின் பெனியேல் சேப்பல் அவற்றில் ஒன்று. 1986-ல் உருவான 'கபெல்' என்ற பாரம்பரியச் சங்கமும், வேல்ஸின் தொல்சின்ன ராயல் கமிஷனும் சேர்ந்து சேப்பல்கள் ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் தரவுத்தளத்தை உருவாக்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சம் எது இருந்தது என்றாவது தெரிய வேண்டுமே.

ஷில்லாங் வரை வந்த எழுத்து

இந்தச் சேப்பல்களின் பென்னிகள் இந்தியாவுக்கும் வந்திருக்கின்றன. 1841-ல் வெல்ஷ் கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்டுகள் அனுப்பிய தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். தச்சர் மகன். காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுத வெல்ஷ் எழுத்து முறையை அடிப்படையாக வைத்தார். இன்றும் காசி அகரவரிசையில் 'கே' எழுத்து 'பி'-க்கு அடுத்து வரும். வெல்ஷில் 'சி' எழுத்து 'க' ஒலி தரும், அந்த இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. 'ஜி'-க்கு அடுத்து 'என்ஜி' தனி எழுத்தாக வருவதும் வெல்ஷ் வழக்கமே.

1897-ல் டேவிட் இவான் ஜோன்ஸ் மிசோரம் மலைக்குப் போனார். 2011 கணக்கெடுப்பில் மிசோரம் மக்களில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள். இப்போது காற்று திசை மாறிவிட்டது. மிசோரம் பிரஸ்பிடீரியன் சபை வேல்ஸுக்கு ஊழியர்களை அனுப்புகிறது. அனுப்பி வைத்த தாய்ச்சபையின் காலி பெஞ்சுகளை நிரப்ப முடியுமா என்று பார்க்க.

கடைசியில் மிஞ்சுவது

சேப்பல்கள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை அச்சிடும். உறுப்பினர்கள் பெயர், பக்கத்திலேயே அந்த வருஷம் அவர்கள் கொடுத்த தொகை. பவுண்டு, ஷில்லிங், பென்னி சுத்தமாக. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று ஊருக்கே தெரியும். கொடுக்க முடியாத வருஷமும் தெரியும். அன்றைக்கு அது நிச்சயம் பலருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். இன்று அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இப்படிப்பட்ட சேப்பல் ஆவணங்களைப் புரட்டினால், வேறெங்கும் பெயர் பதியாத கூலித் தொழிலாளர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இடிந்த சுவர்களுக்கு முதலாளிகள் இவர்கள்தான்.

கூமோர்தின் மலைமேல் நிற்கும் அந்த நான்கு சுவருக்கும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. ஆறு நாள் கல்லை உடைத்துவிட்டு, ஏழாவது நாள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பாடிய கூட்டம். 'கோர்லான்' என்றால் வெல்ஷில் ஆட்டுப்பட்டி. மேய்ப்பனும் மந்தையும் என்ற பைபிள் உவமையை நினைத்து வைத்த பெயராக இருக்கலாம்.

இப்போது மழை வந்தால் அந்தச் சுவர்களுக்குள் ஒதுங்குவது மலை ஆடுகள்தான்.